வியர்க்கும் கூசாவும் மீன்தொட்டியும்

மன்னார்த் தீவிலே சித்திரை மாதத்து நண்பகலில், காற்று அடங்கி மணல் கொதிக்கின்ற வேளையில், கூடத்துக் கண்ணாடித் தொட்டியின் மீன்களெல்லாம் மேலே திரண்டு நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், அவை இரை கேட்கின்றன என்று எண்ணுவது தவறு. அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. 25 பாகை உஷ்ணத்தில் லீற்றருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய நன்னீர், 35 பாகையில் ஏறக்குறைய 7 மில்லிகிராமையே வைத்திருக்கும். மீனின் தேவையோ சூட்டோடு சேர்ந்து ஏறும். 1929ஆம் ஆண்டிலே விலங்கியலாளர் தெரணியகல விஞ்ஞானரீதியாக வருணித்த செரி பார்ப் என்னும் செந்நிறச் சிறுமீன், தென்மேற்கிலங்கையின் நிழலடர்ந்த ஓடைகளுக்கு உரியது. அதனை இங்கே வளர்ப்பவர் அந்த ஓடையின் குளிர்ச்சியையும் ஒருவாறு உண்டாக்கித் தரல் வேண்டும்.

அதற்கான வித்தை நம் வீட்டு மண்கூசாவுக்கு நன்கு தெரியும். கூசாவின் புறத்தே கசிந்த ஈரம் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. இதே கணக்கில், 60 லீற்றர்த் தொட்டியில் 100 கிராம் நீர், அதாவது ஒரு சிறு குவளையளவு, ஆவியானால் தொட்டி முழுவதும் ஏறத்தாழ ஒரு பாகை தணியக்கூடும். ஆகையால் கண்ணாடி மூடியை அகற்றி, மீன் துள்ளி விழாதபடி வலையிட்டு, சிறிய மின்விசிறியொன்றை நீர்மட்டத்தின்மேல் சாய்வாக வீசச்செய்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று பாகை குறையும். பனிக்கட்டியை நேரே போடுவதோ, திடீரெனக் குளிர்வித்து மீண்டும் சூடேறவிட்டு மீனை வருத்துவதாகும்.

மண்ணை உலர்த்தும் சோழகம் வீசத் தொடங்கியபின், சாளரத்தருகே இருக்கும் தொட்டிக்கு அந்தக் காற்றே விசிறியாகும்; காற்றில் ஈரம் மிகுந்து அசைவற்றிருக்கும் நாள்களில் மின்விசிறியும் அதிகம் பயன்தராது.

ஆயினும் ஆவியாகிப் போவது தண்ணீரே. அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை உவர்ப்புள்ள கிணற்று நீரால் நாள்தோறும் நிரப்பிவருபவர், தம்மை அறியாமலே தொட்டியை உவராக்குகிறார். சேமித்த மழைநீரால் நிரப்புவதும், இடையிடையே பழைய நீரில் ஒரு பங்கை மாற்றுவதும் இதற்குப் பரிகாரம். நெடுநாள் பழகிய கூசாவின் புறத்தே வெள்ளையாய்ப் பூத்திருக்கும் உப்பைத் தடவிப் பார்த்தவருக்கு இதனை வேறொருவர் விளக்க வேண்டியதில்லை.