கைராசி இல்லையா? இடம் பார்த்து நடுவோம்!



குழுக் கூட்டத்தில் வீட்டுத் தோட்டம் என்று பேச்செடுத்தாலே ஒரு வார்த்தையை நாம் அடிக்கடி கேட்கிறோம். "எனக்குக் கைராசியே இல்லீங்க. பக்கத்து வீட்டுல அதே விதைதான் போட்டாங்க, அங்க காய்க்குது. எங்க வீட்டுல வாடிப் போச்சு." வீட்டில் இருப்பவர்களும் இதையே சொல்லிக் காட்டுவார்கள். இரண்டு தடவை செடி செத்துவிட்டால், மூன்றாம் தடவை விதைக்குக் காசு கேட்கவே தயக்கமாகிவிடுகிறது. கோடையில் காய் விலை ஏறினால் குழம்பில் காய் குறைகிறது. அதுவும் முதலில் குறைவது யார் தட்டில்? கடைசியாகச் சாப்பிட உட்காரும் நம் தட்டில்தான்.

தோழிகளே, குறை நம் கையில் இல்லை. செடியை வைத்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரே வீட்டைச் சுற்றி நாலு விதமான வெயில், நாலு விதமான ஈரம், காற்று உண்டு. வேளாண்மை படித்தவர்கள் இதை 'நுண் காலநிலை' என்பார்கள். 'இடத்து வாகு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டின் நான்கு பக்கம்

கிழக்குப் பக்கம் காலை வெயில் கிடைக்கும், மத்தியானத்துக்கு மேல் வீட்டு நிழல் விழும். கோடையில் கீரைக்கும், கொத்தமல்லிக்கும், தக்காளிக்கும் இதுதான் நல்ல இடம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ கொட்டிவிடும். "பூ பூக்குது, காய் நிக்க மாட்டேங்குது" என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேற்குப் பக்கம் சாயங்கால வெயிலைச் சுவர் முழுக்க வாங்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்து ஏழு மணிக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், இன்னும் சுடும். அந்தச் சூட்டைத் தாங்காத செடி அங்கே கருகும். வெண்டை, கொத்தவரை போன்றவை தாங்கும். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளிப் பந்தல் போட்டு கோவை, பீர்க்கன், அவரை ஏற்றினால் இரட்டை லாபம். காயும் கிடைக்கும், சுவர் சூடாகாமல் வீட்டுக்குள் புழுக்கமும் குறையும்.

தெற்கும் வடக்கும் மாதத்துக்கு மாதம் மாறும். நம் தமிழ்நாட்டில் சித்திரை வாக்கிலும் ஆவணி வாக்கிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். இடையில் வைகாசி, ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். மார்கழி, தையில் தெற்கே சாய்ந்துவிடும். அதனால் மார்கழியில் வடக்குப் பக்கம் வீட்டு நிழலிலேயே கிடக்கும். அங்கே கத்தரி வைத்தால் செடி உயரமாகப் போகும், காய்க்காது. காய்கறிச் செடிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கு நாலு மணி நேரம் போதும்.

மர நிழல் வீண் இடம் இல்லை. மஞ்சள், இஞ்சி, சேனை அங்கே வரும். ஈரமும் இருந்தால் வல்லாரை, புதினா படரும்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வாழை, சேம்பு வைக்கலாம். ஒரு குழியில் ஜல்லியும் மணலும் போட்டு, அதன் வழியாகத் தண்ணீரை விட்டால் அழுக்கு கொஞ்சம் தங்கிவிடும். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாவுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் தேங்கவும் விடக் கூடாது, கொசு வந்துவிடும்.

மொட்டை மாடி மட்டும்தான் இருக்கிறது என்றால், தொட்டிகளைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தளத்தின் சூடு வேரைத் தாக்காது. தொட்டிகளை நெருக்கமாக வைத்தால் ஒன்றுக்கொன்று நிழலாகும். தகரக் கூரையிலோ சிமெண்டு ஷீட்டிலோ சுரைக்கொடி ஏற்றுபவர்கள், கொடி ஷீட்டில் படாமல் குச்சி கட்டித் தூக்கிவிடுங்கள்.

எந்த இடம் எப்படி? கண்டுபிடிக்கும் வழி

காசு செலவில்லை. ஒரு நாள் போதும்.

1. காலை 8 மணி, பகல் 12 மணி, மாலை 4 மணிக்கு வீட்டு நிழல் எதுவரை விழுகிறது என்று கோலமாவால் கோடு போடுங்கள். மூன்று கோட்டிலும் நிழல் படாத இடம் முழு வெயில் இடம்.

2. ஒரே அளவுத் துணி நாலை நனைத்துப் பிழிந்து நாலு பக்கமும் தொங்க விடுங்கள். எது முதலில் காய்கிறதோ அங்கே வெயிலும் காற்றும் அதிகம், செடிக்குத் தண்ணீரும் அதிகம் வேண்டும்.

3. மழை விட்ட மறுநாள் எங்கே ஈரம் கடைசியாகக் காய்கிறது என்று பாருங்கள்.

மார்கழியில் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை இதைச் செய்தால் வருஷம் முழுக்கக் கணக்கு கிடைத்துவிடும்.

இடத்தை நாமே மாற்றலாம்

செடியின் அடியில் காய்ந்த சருகு, வைக்கோல், கரும்புச் சோகை எது கிடைக்கிறதோ பரப்புங்கள். இந்த மூடாக்கு மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கும், தண்ணீரும் மிச்சமாகும். ஆடிக் காற்று பலமாக வீசும் ஊர்களில் மேற்கே அகத்தி வரிசை வைத்தால் காற்று தணியும், கீரையும் ஆச்சு. முற்றம் முழுக்க சிமெண்டு பூச வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தால், "நாலடி மண்ணையாவது விடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். சிமெண்டுத் தரை சுற்றி இருப்பதையும் சூடாக்கும்.

பசுமைக்குடில் போடலாமா?

ஓசூரில் ரோஜாவும் நீலகிரியில் கார்னேஷனும் பசுமைக்குடிலில் வளர்வதைப் பார்த்து, நம் குழுக்களிலும் ஆசை வந்திருக்கிறது. பாலித்தீன் குடிலுக்குள் வெயில் போகும், சூடான காற்று வெளியே வர வழி குறைவு. குளிர்ந்த மலைப் பகுதிக்கு அது நல்லது. சமவெளியில் சித்திரை வெயிலில் அதே குடிலை மூடி வைத்தால் செடி வெந்துவிடும். நமக்கு ஏற்றது நிழல்வலைக் குடில்.

நாலு மூங்கில் நட்டு, மேலேயும் மேற்குப் பக்கமும் 50 சதவீத நிழல்வலை கட்டினால் நாற்றுக்குப் போதும். மற்ற பக்கம் காற்றோட்டம் இருக்கட்டும். குழித்தட்டில் தென்னை நார்க் கழிவு நிரப்பி விதைத்தால் தக்காளி நாற்று சுமார் 25 நாளிலும், கத்தரி, மிளகாய் 30 முதல் 40 நாளிலும் தயாராகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் பழக்குங்கள். நிழலிலேயே வளர்ந்ததைத் திடீரென்று வெயிலில் நட்டால் துவண்டுவிடும்.

நாற்று விற்கலாம் என்று நினைக்கும் குழுக்கள் எடுத்த எடுப்பில் கடன் வாங்கிப் பெரிய குடில் போட வேண்டாம். முதலில் ஒரு சின்னக் குடிலில் ஒரு பட்டம் வளர்த்து, நம் உறுப்பினர்களுக்கே கொடுத்துப் பாருங்கள். எத்தனை நாற்று பிழைத்தது, எத்தனை பேர் மறுபடி கேட்டார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால் கடன் பற்றித் தைரியமாகப் பேசலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் படத்தை ஒரு தாளில் வரைந்து, வெயில், நிழல், ஈரம் மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் கோலப் புள்ளியாக வைத்தாலும் சரி. படத்தை நடுவில் வைத்துப் பேசி, யார் வீட்டில் எங்கே என்ன நடலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம். ஆடிப்பட்டத்துக்கு விதையையும் நமக்குள்ளேயே பகிர்ந்துகொள்வோம். கைராசி இல்லை என்று ஒதுங்கிய தோழியைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.