விற்க ஆள் இல்லாத கவுண்டி
காப்பீட்டு அரசியல் – 11

2016 ஆகஸ்ட். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே பருத்தி வயல்களும் பழைய தாமிரச் சுரங்கங்களும் புதுக் குடியிருப்புகளுமாகப் பரந்து கிடக்கும் பினால் கவுண்டி. நாட்டின் சட்டம் எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்றது. எடுக்காதவர் வருமான வரியோடு அபராதம் கட்டவேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரீமியத்தில் பெரும்பங்கை அரசே கட்டவும் தயார். எல்லாம் சரி, அடுத்த ஆண்டுக்கு அங்கே பாலிசி விற்க ஒரு கம்பெனிகூட முன்வரவில்லை. கடைசி நம்பிக்கையாக இருந்த ஏட்னாவும் கையை விரித்துவிட்டது. அரசு மானியம், அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் பாலிசிக்கு மட்டும்தான். பாலிசி இல்லையென்றால் மானியமும் இல்லை. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் அந்தச் சந்தையை நம்பியிருந்தார்கள்.

செப்டம்பரில் அரிசோனா புளூ கிராஸ் புளூ ஷீல்டு தன் முடிவை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தது. பினால் தப்பியது. ஆனால் ஒரு தேசத்தின் நலவாழ்வுச் சட்டம், ஒரு கம்பெனியின் இயக்குநர் குழு மனம் மாறுவதை எதிர்பார்த்து நிற்கவேண்டி வந்தது எப்படி? ‘ஒபாமாகேர்’ என்று ஊர் அழைக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாலும் பேசப்படாத பகுதி இதுதான்.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1993இல் பில் கிளிண்டன் எல்லோருக்கும் காப்பீடு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, காப்பீட்டுக் கம்பெனிகளின் சங்கம் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரத் தொடர் எடுத்தது. ஹாரி, லூயிஸ் என்றொரு நடுத்தர வர்க்கத் தம்பதி. வீட்டு மேசையில் உட்கார்ந்து, இந்தத் திட்டம் வந்தால் நம் கதி என்ன என்று கவலைப்படுவார்கள். அடுத்த ஆண்டே திட்டம் செத்தது. விளம்பரம் மட்டுமே அதைக் கொன்றதாகச் சொல்வது மிகை. ஆனால் வாஷிங்டன் அப்படித்தான் நினைவில் வைத்துக்கொண்டது.

அதனால் ஒபாமாவின் ஆட்கள் 2009இல் வேறு வழி எடுத்தார்கள். கம்பெனிகளை எதிரே நிறுத்தாமல் பக்கத்தில் உட்காரவைப்பது. அந்த மார்ச்சில் வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தில் கம்பெனிகள் சங்கத்தின் தலைவர் கேரன் இக்னாக்னி எழுந்து, ஒத்துழைப்போம் என்று வாக்குக் கொடுத்தார். பேரம் இதுதான்: ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி இனி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, நோயாளியிடம் கூடுதல் பிரீமியம் கேட்கக் கூடாது. பதிலுக்கு, ஆரோக்கியமாக இருப்பவர்களையும் வாங்கவைக்கும் கட்டாயத்தை அரசு போடும். நோயாளிகள் மட்டும் வந்து சேர்ந்தால் எந்தக் காப்பீடும் பிழைக்காது என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை.

அதே 2009இல் பெரிய காப்பீட்டுக் கம்பெனிகள், சட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த அமெரிக்க வர்த்தக சபைக்குச் சங்கத்தின் வழியாக 8.6 கோடி டாலர் கொடுத்தன. அடுத்த ஆண்டுதான் அது வெளியே தெரிந்தது. முன்வாசலில் கைகுலுக்கல், பின்வாசலில் காசோலை.

பேரத்தில் அடிபட்டுப் போனது அரசே நடத்தும் காப்பீட்டு நிறுவனம். கம்பெனிகளோடு சந்தையில் போட்டியிட ஓர் அரசுத் திட்டமும் இருக்கட்டும் என்பது ஜனநாயகக் கட்சியில் பலரின் விருப்பம். செனட்டில் மசோதா நகர 60 வாக்குகள் வேண்டும். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் முடிந்தது கதை. முறுக்கிக்கொண்டவர் ஜோ லீபர்மன். அவர் கனெக்டிகட் மாநிலத்தின் செனட்டர். காப்பீட்டுத் தொழிலின் தலைநகர் என்று பெயரெடுத்த ஹார்ட்ஃபர்ட் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ஏட்னாவின் தலைமையகமும் அங்கேதான். அரசு நிறுவனம் இருந்திருந்தால் பிரீமியம் குறைந்திருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் பினால் மாதிரி ஒரு கவுண்டி காலியாகிற நிலை வந்திருக்காது என்பதில் சந்தேகமே இல்லை.

சரி, கம்பெனிகள் ஏன் ஓடின?

எளிய பதில், நஷ்டம். 2014இல் சந்தை தொடங்கியபோது யார் வருவார்கள், எவ்வளவு நோயோடு வருவார்கள் என்று எவருக்கும் தெரியாது. வாடிக்கையாளரைப் பிடிக்கும் ஆசையில் பல கம்பெனிகள் பிரீமியத்தைக் குறைத்தே வைத்தன. வந்தவர்கள் நினைத்ததைவிட நோயாளிகளாக இருந்தார்கள். இந்த ஆபத்தைச் சட்டம் எழுதியவர்களும் அறிவார்கள். அதனால்தான் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஓர் ஏற்பாடு வைத்தார்கள்: கணக்கை மிஞ்சி லாபம் பார்த்த கம்பெனி அதில் ஒரு பங்கை அரசிடம் கட்டும், கணக்கை மிஞ்சி நஷ்டப்பட்ட கம்பெனிக்கு அரசு ஒரு பங்கைத் தரும். பயப்படாமல் உள்ளே வாருங்கள் என்பதற்கான உத்தரவாதம்.

அந்த உத்தரவாதத்தைக் குலைத்ததில் இரண்டு கட்சிகளுக்கும் பங்கு உண்டு. “உங்கள் பழைய பாலிசி பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்” என்று ஒபாமா ஊர் ஊராகச் சொல்லியிருந்தார். 2013 இறுதியில் லட்சக்கணக்கானவர்களுக்கு ரத்து நோட்டீஸ் வந்ததும் கொந்தளிப்பு. உடனே, பழைய பாலிசிகளை நீட்டித்துக்கொள்ள அனுமதித்தார். பழைய பாலிசிக்காரர்களில் பலர் கம்பெனிகள் உடல்நலத்தைச் சோதித்துப் பொறுக்கியெடுத்த ஆரோக்கியசாலிகள். அவர்கள் வெளியே நின்றுவிட, புதுச் சந்தையில் நோயாளிகளின் பங்கு கூடியது. கம்பெனிகள் 2014க்கான விலையை அதற்கு முன்பே முடிவு செய்திருந்தன.

பிறகு குடியரசுக் கட்சியின் முறை. நஷ்ட ஈட்டு ஏற்பாடு என்பது கம்பெனிகளுக்கு மக்கள் வரிப்பணத்தில் கொடுக்கும் சலுகை என்று செனட்டர் மார்கோ ரூபியோ போர்க்கொடி பிடித்தார். 2014 டிசம்பரில் நிறைவேறிய செலவு மசோதாவுக்குள் ஒரு வாசகம் நுழைக்கப்பட்டது: லாபக் கம்பெனிகளிடமிருந்து வசூலாகும் தொகையைத் தவிர வேறு நிதியை இதற்குத் தொடக்கூடாது. லாபம் பார்த்தவர்களோ மிகக் குறைவு. 2014ஆம் ஆண்டுக்கு நஷ்டக் கம்பெனிகள் கேட்டது 287 கோடி டாலர். 2015 அக்டோபரில் அரசு அறிவித்தது, கேட்டதில் 12.6 சதவீதம் மட்டும். டாலருக்கு 13 சென்ட்கூட இல்லை. தேரிழுக்க ஊரைக் கூட்டிவிட்டு, பாதி வழியில் வடத்தை அறுத்துவிட்டதற்குச் சமம் இது.

இதில் முதலில் விழுந்தவை பெரிய கம்பெனிகள் இல்லை. பெருங்கம்பெனிகளுக்கு மாற்றாக இந்தச் சட்டத்தின் கடனுதவியோடு தொடங்கிய 23 கூட்டுறவுக் காப்பீட்டு நிறுவனங்கள் இருந்தன. கையில் சேமிப்பு இல்லாதவை. அரசின் வாக்கையே முதலாக நம்பியவை. கென்டக்கி கூட்டுறவு அந்த அக்டோபரிலேயே மூடுகிறேன் என்றது. மறு ஆண்டு முடிவதற்குள் பாதிக்கு மேல் காணாமல் போயின. அரசு நிறுவனத்துக்குப் பதிலாக ஆறுதலாகத் தந்த பொருளும் இப்படிக் கைநழுவியது.

பெரிய கம்பெனிகளில் ஒன்றான யுனைடெட்ஹெல்த்தின் கதை வேறு. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 100 கோடி டாலர் நஷ்டம் என்று சொல்லி, 34 மாநிலங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து 2016இல் வெளியேறியது. இந்தச் சந்தைக்குள் வந்ததே தவறான முடிவு என்று அதன் தலைவர் முதலீட்டாளர்களிடம் சொன்னார். 2015இல் கம்பெனியின் நிகர லாபம் 580 கோடி டாலர். நஷ்டம் தாங்க முடியாமல் போனார்கள் என்று எழுதினால் என் பேனா கூசும். அந்த வியாபாரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவே.

மீண்டும் ஏட்னா. 3,700 கோடி டாலருக்கு ஹியுமானா கம்பெனியை வாங்கி இணைத்துக்கொள்ள ஏட்னா முயன்றுகொண்டிருந்தது. போட்டி ஒழியும் என்று அரசின் நீதித்துறை ஆட்சேபிக்கும் போலிருந்தது. 2016 ஜூலை தொடக்கத்தில் ஏட்னாவின் தலைவர் மார்க் பெர்டோலினி நீதித்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். இணைப்பைத் தடுத்தால் ஒபாமாகேர் சந்தையில் எங்கள் பங்கைக் குறைக்க வேண்டிவரும் என்பது சாரம். அந்த மாதமே நீதித்துறை வழக்குப் போட்டது. ஆகஸ்டில் ஏட்னா 15 மாநிலங்களில் 11லிருந்து விலகியது. வெளியே சொன்ன காரணம், நஷ்டம். பினால் காலியானது இந்த அலையில்தான்.

2017 ஜனவரியில் நீதிபதி ஜான் பேட்ஸ் இணைப்பைத் தடுத்துத் தீர்ப்பளித்தார். வழக்கில் குறிப்பிடப்பட்ட 17 கவுண்டிகளில் ஏட்னா விலகியது வழக்கில் தன் கையை வலுப்படுத்திக்கொள்ளத்தான் என்று அதில் எழுதினார். அந்தக் கவுண்டிகளில் பல இருந்த ஃபுளோரிடாவில் ஏட்னாவின் சந்தை வியாபாரம் 2015இல் லாபம் பார்த்திருந்தது. மற்ற இடங்களில் நஷ்டக் கணக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். இருந்தாலும், இருப்பதும் போவதும் ஒரு பேரப்பொருள் என்பது நீதிமன்ற ஆவணத்திலேயே ஏறிவிட்டது. பிப்ரவரி 14 அன்று இரு கம்பெனிகளும் இணைப்பைக் கைவிட்டன. அன்றைக்கே ஹியுமானா, அடுத்த ஆண்டிலிருந்து இந்தச் சந்தையில் அறவே இருக்கமாட்டோம் என்று அறிவித்தது.

டிரம்ப் வந்தபின் நடந்தது இன்னும் வேடிக்கை. சட்டத்தை ரத்து செய்யும் முயற்சி 2017 ஜூலை 28 அதிகாலையில் அவர் கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெய்னின் வாக்கால் தோற்றது. அக்டோபரில் வேறொரு குழாயை மூடினார்கள். ஏழை வாடிக்கையாளரின் கைச்செலவைக் குறைத்ததற்காகக் கம்பெனிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 700 கோடி டாலர் அரசு கொடுத்துவந்தது, அது நின்றது. கம்பெனிகள் ஓடும், சந்தை தானாகச் சாகும் என்று பலர் கணித்தார்கள். கம்பெனிகளோ அந்தத் தொகையை ‘சில்வர்’ வகைப் பாலிசிகளின் விலையில் ஏற்றின. மக்களுக்கான மானியம் சில்வர் விலையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. விலை ஏற, மானியமும் ஏறியது. பலருக்கு அதைவிட மலிவான ‘பிரான்ஸ்’ (வெண்கல) வகைப் பாலிசி காசில்லாமலே கிடைத்தது. இந்தத் தொகையை நிறுத்தினால் பத்தாண்டில் அரசின் பற்றாக்குறை 19,400 கோடி டாலர் கூடும் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே 2017 கோடையில் நாட்டிலேயே கடைசியாகக் காலியாக இருந்தது ஒஹையோவின் பால்டிங் கவுண்டி. சந்தையில் பாலிசி எடுத்தவர்கள் அங்கே சில நூறு பேர்தான். வந்து சேர்ந்தது கேர்சோர்ஸ். ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை நடத்திப் பழகிய லாபநோக்கற்ற நிறுவனம். சென்டீன், மொலினா என்று இந்தச் சந்தையில் காலூன்றிய மற்ற பெயர்களும் மெடிகெய்டில் வளர்ந்தவையே. குறைந்த கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளும் மருத்துவமனைகளின் சிறு பட்டியல், மலிவு பிரீமியம். இந்த வித்தை பெருங்கம்பெனிகளுக்கு அப்போது கைவரவில்லை.

அறுந்த வடம், அதாவது அந்த நஷ்ட ஈட்டு உத்தரவாதம், என்ன ஆயிற்று என்றால், கம்பெனிகள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஏப்ரலில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு: அரசு சொன்னபடி கொடுத்தே தீரவேண்டும், 1,200 கோடி டாலருக்கு மேல். அதற்குள் மூடப்பட்ட கூட்டுறவுகளை அந்தப் பணம் எழுப்பவில்லை.

2021இல் பைடன் அரசு மானியத்தை உயர்த்தியது. சந்தையில் 1.2 கோடியாக இருந்தவர்கள் 2025இல் 2.4 கோடி ஆனார்கள். கூட்டம் கண்டதும் 2022இல் ஏட்னா திரும்பி வந்தது. 2025 மே மாதம், 17 மாநிலங்களில் சுமார் 10 லட்சம் வாடிக்கையாளர்கள் இருக்க, அடுத்த ஆண்டு இருக்கமாட்டேன் என்று மறுபடியும் கிளம்பியது.

கூடுதல் மானியம் அந்த டிசம்பரோடு முடியவிருந்தது. அதை நீட்டிக்கக் கோரிய சண்டையில் 43 நாட்கள் அரசாங்கமே முடங்கியது. பணத்தைக் காப்பீட்டுக் கம்பெனிகளிடம் கொடுக்காமல் நேரே மக்களுக்கு அனுப்புங்கள் என்றார் டிரம்ப்; அந்த மக்கள் பாலிசியை யாரிடம் வாங்குவார்கள் என்பதற்கு விடை இல்லை. மானியம் நீட்டிக்கப்படாமலே ஆண்டு முடிந்தது. 2026க்கான மானியத்துக்கு அளவுகோலாக இருக்கும் பாலிசிகளின் விலை சராசரியாக 26 சதவீதம் உயர்ந்தது. அந்த விலைப்பட்டியலைக் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியது கோடையில். மானியம் போய்விடும், ஆரோக்கியமானவர்கள் முதலில் விலகுவார்கள் என்பதை அப்போதே பல கம்பெனிகள் கணக்கில் எடுத்திருந்தன. நாடாளுமன்றம் அதைப் பற்றிச் சண்டைபோட ஆரம்பித்தது அக்டோபரில்.

(தொடரும்)