யந்திரம் படிக்கும் சட்ட இலாகா

அமெரிக்காவில் சிவில் வழக்குத் தொடுத்தவரும் அதற்குப் பதில் சொல்ல வந்தவரும், வழக்குக்குச் சம்பந்தமுள்ள தஸ்தாவேஜுகளை, அவை தமக்குச் சாதகமாயினும் பாதகமாயினும், எதிர்க்கட்சி கேட்டால் விசாரணைக்கு முன்பே அதனிடம் ஒப்படைத்தாக வேண்டும். சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தின்மீது அந்நாட்டு அரசாங்கம் தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கில் சிக்கிக்கொண்ட ஸ்டூடியோக்கள், 1978-ஆம் ஆண்டில், 60 லட்சம் தஸ்தாவேஜுகளைப் படித்துப் பொறுக்குவதற்கென்றே 22 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டன என்றால், பெரிய கம்பெனிகளின் சட்ட இலாகாக்களுக்கு இந்த விதி எத்தகைய பாரமாக இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

காகிதத்தின் இடத்தை மின்னஞ்சல் பிடித்ததும் அந்தப் பாரம் பன்மடங்காயிற்று. பெண் என்ற காரணத்தால் தமக்குப் பாரபட்சம் காட்டப்பட்டதென்று லாரா ஜுபுலேக் என்பவர் யு.பி.எஸ். வங்கி நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், ஊழியர்கள் அழித்துவிட்ட மின்னஞ்சல்களைப் பழைய காப்பு நாடாக்களிலிருந்து மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு வரக்கூடும் என்று தோன்றிய கணம் முதல் அதற்குச் சம்பந்தமுள்ள எதையும் அழியவிடாமல் காப்பது கம்பெனியின் கடமை, அது நிறைவேறுகிறதா என்று கண்காணிப்பது வக்கீலின் கடமை என்று, நியூயார்க் மன்ஹாட்டனிலுள்ள ஃபெடரல் நீதிமன்றத்தின் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் 2004-இல் கண்டிப்பாகத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டில் ஜூரிகள் அப்பெண்மணிக்கு ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் டாலர் வழங்கச் சொன்னார்கள்.

காத்து வைத்தாகிவிட்டது, ஆனால் அத்தனையையும் படிப்பது யார்? அதே நீதிமன்றத்தில் 2012 பிப்ரவரியில், பப்ளிசிஸ் என்னும் விளம்பர நிறுவனத்தின்மீது நடந்த வழக்கில், 30 லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்களைக் கம்ப்யூட்டரைக் கொண்டு சலித்தெடுக்கும் முறைக்கு நீதிபதி ஆண்ட்ரூ பெக் சம்மதம் அளித்தார். அந்த முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்பது நல்லது. குவியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த 2,399 மடல்களை, குமாஸ்தாக்களோ இளைய வக்கீல்களோ அல்லாமல், மூத்த வக்கீல்களே படித்து, இது சம்பந்தமுள்ளது, இது இல்லாதது என்று குறித்தார்கள். இத்தகைய குறிப்புகளிலிருந்து யந்திரம் பாடம் கற்று மற்றவற்றைத் தரம் பிரிக்க, அது பிரித்ததில் ஒரு பகுதியை மூத்தவர்கள் மறுபடி படித்துத் திருத்த, இவ்வாறு சுற்றுச் சுற்றாகப் பரிசோதித்துச் செல்வதே ஏற்பாடு.

வழக்குகளோடு நில்லாமல் ஒப்பந்தங்களுக்குள்ளும் யந்திரம் புகுந்தது. ஜே.பி. மார்கன் சேஸ் வங்கியில் வக்கீல்களும் கடன் அதிகாரிகளும் ஆண்டுதோறும் 3,60,000 மணி நேரம் செலவிட்டுச் செய்துவந்த கடன் ஒப்பந்தப் பரிசீலனையை, காயின் என்று பெயரிட்ட மென்பொருள் சில விநாடிகளில் முடித்துவிடுகிறது என்ற செய்தி 2017-இல் வெளியாயிற்று.

மனிதர் எழுதியதைப் படித்துவந்த யந்திரம் தானே எழுதவும் தொடங்கியபோதுதான் விபரீதம் நேர்ந்தது. ஏவியான்கா விமானக் கம்பெனிக்கு எதிராக வாதாடிய வக்கீல் ஒருவர், சாட்ஜிபிடி கற்பனையாகப் படைத்துக் கொடுத்த தீர்ப்புகளை மெய்யென்று நம்பித் தம் மனுவில் சேர்த்தார். சக வக்கீல் ஒருவர் அவற்றைத் தேடிப் பாராமலே கையொப்பமிட்டார். மன்ஹாட்டன் நீதிமன்றம் 2023 ஜூனில் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. நம்பகமான யந்திரத்தின் உதவியை நாடுவது தவறல்ல என்றும், தாக்கல் செய்வது சரியா என்று உறுதி செய்துகொள்ளும் கடமை வக்கீலுக்கே உரியது என்றும் நீதிபதி கெவின் காஸ்டல் விளக்கினார்.

இந்த வழக்குகள் யாவற்றிலும் பொறுப்பு மனிதரிடமே நின்றது. ஆனால் யந்திரத்துக்குப் பாடம் சொல்லவும் அதன் பிழையைக் கண்டுபிடிக்கவும் வல்ல மூத்த வக்கீல், இளமையில் ஆயிரக்கணக்கான சலிப்பூட்டும் ஒப்பந்தங்களைப் படித்துப் படித்தே அந்தப் பக்குவத்தை அடைந்தார். அந்தப் படிப்பு முழுவதையும் யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு மிச்சமான மணி நேரங்களை லாபமென்று கணக்கெழுதும் கம்பெனி, இன்றைய இளைய வக்கீலுக்கும் அவற்றில் ஒரு பங்கை ஒதுக்கவில்லையானால், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தன் யந்திரத்தைத் திருத்த ஆளின்றித் திண்டாடும்.