அடுக்களைப் படமும் பார்த்தோர் கருத்தும்

உணவைப்பற்றிய பேச்சு எவர்க்கும் இனியது. அதனினும் இனியது உணவைப்பற்றிய படக்காட்சி. நெய்யில் வறுபடும் முந்திரியும், ஆவி பறக்குஞ் சோறும், இலை நிறையப் பரிமாறிய கறிவகைகளும் வெண்திரையிற் பெரிதாய்த் தோன்றுங்கால், வயிறார உண்டு வந்தோரும் மீண்டும் பசியுறுதல் இயல்பே. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க நாட்டில் ‘ஜூலி அண்டு ஜூலியா’ என்னும் படம் வெளிவந்தது. ஜூலியா சைல்டு என்னும் அம்மையார் வேறிருவருடன் கூடி 1961-இல் வெளியிட்ட பிரெஞ்சுச் சமையல் நூலையும், அந்நூலிற் கண்ட பண்டங்களையெல்லாம் ஓராண்டிற் சமைத்து முடிப்பதெனத் துணிந்த இளம்பெண் ஒருத்தியையும் பற்றியது அப்படம். கண்டோர் பலர் புத்தகக் கடைகளை நாடினர். ஏறத்தாழ ஐம்பதாண்டு பழமையான அந்நூல் அம்மாத இறுதியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. நமக்கு அண்மையிலுள்ள மலையாள நாட்டில் 2012-இல் வந்த ‘உஸ்தாத் ஹோட்டல்’ என்னும் படமும் இவ்வகையினதே. கோழிக்கோட்டுக் கடற்கரையில் உணவுவிடுதி நடத்தும் பாட்டனாரையும், அவரிடம் பிரியாணி சமைக்கப் பயிலும் பேரனையும் கண்டோர் நாவூற வெளிவந்தனர்.

ஒன்பதாண்டு கழிந்தபின் அதே மலையாள நாட்டிலிருந்து மற்றொரு சமையற்படம் வந்தது. அது கண்டோர்க்குப் பசியை விளைத்திலது. உண்ட கவளம் தொண்டையில் நின்றாற்போன்றதோர் உணர்ச்சியையே விளைத்தது. ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’, அதாவது ‘மகத்தான இந்திய அடுக்களை’ என்பது அதன் பெயர். ஜியோ பேபி என்பார் எழுதி இயக்க, நிமிஷா சஜயனும் சுராஜ் வெஞ்ஞாறமூடும் மனைவி கணவராய் நடித்த அப்படம் 2021-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் இணையவழியாக வெளியிடப்பெற்றது. அதனைக் கண்டோர் கூறிய கருத்துக்கள் பலதிறத்தன. அவற்றை வகுத்துக் காண்பதும், அவற்றுள் எது நம்மைச் சுடுகின்றது என ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கதையைச் சுருங்கக் கூறுவோம். நடனம் பயின்ற மங்கை ஒருத்தி பழங்குடும்பம் ஒன்றில் மருமகளாகப் புகுகின்றாள். கணவன் பள்ளியாசிரியன்; குடும்பம் என்பது யாது என மாணவியர்க்கு விளக்கிப் பாடஞ்சொல்பவன். மாமனார் பிறர் மதிக்கும் பெரியவர். கள்ளுண்டு வந்து அடிப்பார் அவ்வீட்டில் ஒருவரும் இலர், மாமியாரோ அன்புடையவர். ஆயினும் விடியுமுன் அடுக்களைக்குட் புகும் பெண்கள் இருவரும் இரவு விளக்கணைக்கும் வரை அதனின்றும் மீள்வதில்லை. மாமனாருக்குச் சோறு விறகடுப்பிலேயே வேக வேண்டும். குக்கரில் வெந்தது ஆகாது. சட்டினியை அம்மியில் அரைக்க வேண்டும். துணியைக் கையாலேயே துவைக்க வேண்டும். ஆடவர் மென்றுமிழ்ந்த முருங்கைக்காய்ச் சக்கை மேசைமேற் கிடக்கும். அம்மேசையிலேயே பெண்கள் பின்னர் உண்ண வேண்டும். பாத்திரங் கழுவுந் தொட்டியின் குழாய் ஒழுகுகின்றது. பழுது பார்ப்பாரை அழைத்து வருமாறு மனைவி பன்முறை கூறியும் கணவன் மறந்தே போகின்றான். கருவுற்ற மகளுக்குத் துணையாக மாமியார் சென்றபின் வேலை முழுவதும் ஒருத்தியின் தலைமேல் விழுகின்றது. இறுதியில் அவள் அவ்வழுக்கு நீரை வாரி ஊற்றிவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகின்றாள், நடன ஆசிரியையாகின்றாள். அவ்வீட்டிலோ வேறொரு பெண் அதே வேலையைத் தொடங்கக் காண்கின்றோம். பாத்திரங்களுள் எவர்க்கும் பெயர் இடப்படவில்லை என்பது கருதத்தக்கது.

இனிப் பார்த்தோர் கருத்தை நோக்குவோம். பெண்களிற் பலர் கூறியது ஒன்றே: “இது எங்கள் வீடு.” அவர்கள் வியந்தது கதையையன்று, பிறர் கண்ணிற் படாதென்று தாம் எண்ணியிருந்த செயல்களை எவரோ பார்த்து வைத்திருந்தமையையே. கைகளிற் படிந்த நாற்றம் போகாமையால் மீண்டும் மீண்டும் முகர்ந்து பார்த்தல், ஒழுகும் நீருக்கடியிற் சாக்கை விரித்தல் முதலியவற்றைக் கதையென்று சொல்லத்தக்க பொருளாக அவர்கள் அதுவரை கருதியிருந்திலர். தாமும் மணஞ்செய்தபின் அடுக்களை வேலையிற் பங்கு கொள்ளத் தொடங்கிய அனுபவமே படத்திற்கு வித்து என்று இயக்குநர் கூறியுள்ளார். ஆடவர் ஒருவர் அவ்வாயிலைக் கடந்து உள்ளே சென்றமையாலன்றோ இஃது எழுதப்பெற்றது!

இரண்டாவது வகையார், “படம் மிக மெல்ல நகர்கின்றது, அரிந்ததையே அரிகிறார்கள், கழுவியதையே கழுவுகிறார்கள்” என்றனர். இக்குறையை நாம் எளிதிற் தள்ளிவிடலாகாது. படம் அவ்வாறு நகர்வது உண்மையே. ஆனால் நூறு நிமிடம் பார்த்தற்கே சலிப்புத் தருவதொன்று, நாற்பது ஆண்டு செய்தற்கு எத்தகையதாகும்? சலித்தோர் படத்தைப் பழித்தாராக எண்ணினர். அறியாமலே அதற்குச் சான்று பகர்ந்தனர். பாட்டும் வாத்தியமும் அடங்கி, கத்தியின் ஒலியும் தாளிப்பின் ஒலியும் பாத்திரத்தின் ஒலியுமே பெரிதுங் கேட்குமாறு இப்படம் அமைக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக்குரிய கேரள அரசின் விருதுகளுள் சிறந்த படத்திற்குரியதும் சிறந்த திரைக்கதைக்குரியதும் இதற்குக் கிடைத்தன.

மூன்றாவது வகையார், “இது மிகைபடக் கூறல், இக்காலத்தில் எவர் வீட்டில் விறகடுப்பு இருக்கின்றது?” என வினவினர். எரிவாயு அடுப்பும் மாவரைக்கும் இயந்திரமும் வந்தபின் வேலை குறைந்தது என்பது மெய்யே. எனினும் எவர் அவ்வேலையைச் செய்கின்றார் என்பது மாறியதா? இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம், மக்கள் நாட்பொழுதை எவ்வாறு கழிக்கின்றனர் என 2019-இல் நாடெங்கும் கணக்கெடுத்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் நூற்றுக்கு 81.2 பேர் ஊதியமில்லா வீட்டுவேலையில் நாள்தோறும் ஈடுபட்டனர்; ஆண்களிலோ நூற்றுக்கு 26.1 பேரே. ஈடுபட்டோருள்ளும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் உழைத்தனர். 2024-இல் மீண்டும் எடுத்த கணக்கில் பெண்கள் 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் ஆயினர். பெண்கள் பத்து நிமிடம் பெற்றனர். ஆடவரும் ஒன்பது நிமிடம் பெற்றுக்கொண்டனர். இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ அவ்வாறே நிற்கின்றது. படம் விறகடுப்பை மிகைப்படுத்தியிருக்கலாம். அடுப்பின்முன் நின்றவரை மிகைப்படுத்தவில்லை.

நான்காவது வகையார் கூறியது சமயம் பற்றியது. கணவனும் மாமனாரும் சபரிமலை யாத்திரைக்கு மாலையணிந்து விரதம் பூணுங்கால், மாதவிலக்குற்ற அப்பெண் தனியறையில் ஒதுக்கப்படுதலைப் படம் காட்டுகின்றது. அம்மலைக்கு எவ்வயதுப் பெண்களும் செல்லலாமென 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதன்பின் கேரளத்திற் கிளர்ந்த பூசலும் யாவரும் அறிந்தவை. ஆகவே தம் சமயத்தையே படம் பழிப்பதாகச் சிலர் மனம் புண்பட்டனர். இவ்விடத்து நாம் மிக்க எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். இது பிறர் வீட்டுக் குறை என்று எண்ணி, ஞாயிறுதோறும் ஆலயஞ்சென்று மீளும் நாம் அமைதி கொள்ளலாமோ? ஆராதனை முடிந்து திரும்பியதும் அங்கிருந்த செய்தியைப்பற்றிக் கூடத்தில் அமர்ந்து உரையாடுவோர் யார்? ஆலயத்துக்கு அணிந்த சேலையை மாற்றவும் பொழுதின்றி அடுப்பை மூட்டுவோர் யார்? வழிபாடு வேறாயினும் அடுக்களை ஒன்றே.

ஐந்தாவது கருத்து, படம் பிறமொழிகளிற் சென்ற பின்னர் எழுந்தது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்க, ஆர். கண்ணன் இயக்கத்தில் அது தமிழில் வந்தது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சான்யா மல்ஹோத்ரா நடிக்க, ஆரதி கடவ் இயக்கத்தில் ‘மிஸஸ்’ என்னும் பெயரோடு இந்தியில் வெளியாயிற்று. அப்பொழுது ஆடவர் நலம் பேசும் சங்கமொன்று, சமைப்பதில் என்ன துன்பம் உளது, அது தியானம் போல் அமைதி தருவதன்றோ என்னும் கருத்துப்பட மறுப்புக் கூறிற்று. இதனையும் நாம் நகைத்து விடவேண்டுவதில்லை. சமையலில் இன்பம் உண்டு. மாவு பதமாய்ப் புளித்ததைக் கண்டு மகிழாத தாய் யார்? தாம் சமைத்ததைப் பிறர் உண்ணக் கண்டு நிறைவெய்தாதார் யார்? ஆனால் தியானம் என்பது விரும்பியபோது அமர்ந்து விரும்பியபோது எழுவது. ஒருநாளும் எழுந்து செல்ல இயலாததைத் தியானம் என்பதினும் தண்டனை என்பதே பொருந்தும். அன்றியும், அத்துணை அமைதி தருவதாயின், அதனைப் பெண்டிர்க்கே முழுதும் விட்டுக்கொடுத்துத் தாம் ஒதுங்கி நிற்கும் ஆடவர்தம் தியாகம் வியக்கற்பாலதே!

ஆடவர்க்குச் சமையல் வாராது என்பாரும் உளர். நம் மொழியில் சுவைமிக்க சமையலுக்கு வழங்கும் பெயர்கள் யாவை? நளபாகம், வீமபாகம். இரண்டும் ஆடவர் பெயரால் அமைந்தவை. கலியாண வீடுகளிற் பெருங்கொப்பரைகளின் முன் நிற்கும் தவசிப்பிள்ளைகளும், உணவுவிடுதிகளில் தோசை வார்ப்போரும் பெரும்பாலும் ஆடவரே. முன்னர்க் கூறிய ‘உஸ்தாத் ஹோட்டல்’ படத்திற் சமைப்பவரும் பாட்டனாரும் பேரனுமே. கூலியும் புகழும் உள்ளவிடத்து ஆடவர் கைக்குச் சமையல் வருகின்றது. இரண்டும் இல்லாத வீட்டினுள்ளே அக்கை மறந்துவிடுகின்றது. ஆகவே வாராதது சமையலன்று.

இப்பலதிறக் கருத்துக்களையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பார்த்தோர் பிரிந்தது கல்வியாலன்று, நாட்டாலுமன்று. அடுக்களை வாயிலின் எப்புறத்தில் தாம் அமர்ந்திருந்தனர் என்பதனாலேயே பெரிதும் பிரிந்தனர். மலையாளப் படம் முதலிற் காட்டப்பெற்றது திரையரங்குகளிலன்று; கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் தத்தம் வீட்டிலிருந்தே அதனைக் கண்டனர். திரைக்கும் அடுக்களைக்கும் இடையே ஒரு சுவரே இருந்தது. படத்தின் நடுவே தேநீர் வேண்டுமெனக் கேட்டவர் யார், எழுந்து சென்றவர் யார் என்பதை ஒவ்வொரு வீடும் அறியும்.

நம் கல்லூரியிற் பலமுறை கேட்ட வேதபாடம் ஒன்று ஈண்டு நினைவுக்கு வருகின்றது. மார்த்தாள், மரியாள் என்னும் சகோதரிகள் இருவரின் வீட்டிற்கு இயேசுபிரான் சென்றதை லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம் கூறும். பாதத்தருகே அமர்ந்து கேட்ட மரியாளைப் புகழ்ந்து பல பிரசங்கங்கள் கேட்டுள்ளோம். மார்த்தாளின் முறையீட்டை நாம் உற்றுக் கேட்டதுண்டோ? வேலை உளது என்பதன்று அவள் குறை; தன்னைத் தனியே விட்டார்கள் என்பதே. மரியாளை அவ்விடத்தினின்று எழுப்பாமை நல்லதே. கல்வி கேட்கும் பெண்ணை அடுக்களைக்குத் துரத்தலாகாது என்பதே அதன் பொருள். அங்ஙனமாயின் மார்த்தாளுக்குத் துணை செய்ய எழுந்திருக்க வேண்டியவர் யார்? அவ்வீட்டில் வேறு எவரும் எழுந்ததாக அங்கே எழுதப்படவில்லை. யோவான் சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்திலோ, இரவெல்லாம் வலைவீசிக் களைத்துக் கரையேறிய சீடர்க்காகக் கரிநெருப்பின்மேல் மீனும் அப்பமும் காத்திருந்தன. அவர்களை உண்ண அழைத்தவர் உயிர்த்தெழுந்த ஆண்டவரே.

விடுமுறைக்கு இல்லஞ்செல்லும் மாணவ நண்பர்காள்! நம்மைக் கண்டதும் அன்னையார் நமக்கு விருப்பமானவற்றைச் சமைக்க விரைவர். அவர் அன்பை மறுக்க வேண்டுவதில்லை. உண்டபின் இலையை எடுத்து எழுவோம், மேசையைத் துடைப்போம், தொட்டியருகே நின்று பாத்திரங்களைக் கழுவுவோம். “நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்” என அவர் தடுப்பர். முதல்நாள் தடுப்பர், இரண்டாம் நாளும் தடுப்பர். மூன்றாம் நாளும் நாம் அங்கு நிற்போமாயின், சிறிது பொழுது அவர் உட்காருவர். உட்கார்ந்து அவர் யாது பேசுவர் என்பதை நம்மிற் பலர் இன்னுங் கேட்டதில்லை.