கம்பியும் காந்தமும் – 7: மிதித்தால் பேசிய றேடியோ

மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே திசைகாட்டியின் ஊசி திரும்புவதை 1820இல் ஏர்ஸ்டெட் கண்டறிந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மின்சாரத்தால் காந்தம் உண்டாகிறது என்றால் காந்தத்தால் மின்சாரம் உண்டாகாதா? உண்டாகும் என்பதை லண்டனில் மைக்கேல் பரடே 1831இல் செய்து காட்டினார். 1990களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது சைக்கிள் டைனமோ.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. பற்றறிகளுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பை ஒப்பேற்றலாம். செய்தி கேட்க என்ன செய்வது? எங்கே சண்டை, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அறிய பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் வேண்டியிருந்தன. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவின் வயரை றேடியோவில் பொருத்தினார்கள். ஒருவர் மிதிக்க, வீட்டாரும் அயலவரும் சுற்றியிருந்து கேட்டார்கள்.

அந்தச் சிறு போத்தல் வடிவக் கருவிக்குள் என்ன இருக்கிறது? அதன் தலையிலுள்ள சில்லு ரயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும். சில்லோடு சேர்ந்து உள்ளே ஒரு நிலைக்காந்தம் சுழலும். காந்தத்தைச் சுற்றி இரும்பும் செப்புக் கம்பிச் சுருளும் அசையாமல் நிற்கும். காந்தம் சுழலும்போது சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப் பாயம் கூடும், குறையும், திசை மாறும். அந்த மாற்றந்தான் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. எவ்வளவு வலிமையான காந்தமானாலும் சுருளுக்குள் சும்மா கிடந்தால் மின்சாரம் வராது. காந்தமோ சுருளோ அசைய வேண்டும். இதுவே மின்காந்தத் தூண்டல்.

வடமுனையும் தென்முனையும் மாறிமாறி வருவதால் டைனமோ தருவது ஆடலோட்டம். பற்றறியில் ஓடும் றேடியோவுக்கோ நேரோட்டம் வேண்டும். அதனால் இடையில் இருவாயிகளைப் பொருத்தி ஓட்டத்தை ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். கொள்ளளவி ஒன்றை வைத்து ஏற்ற இறக்கத்தைத் தணிக்க வேண்டும். மிதிக்கும் வேகம் கூடினால் வோல்ற்றளவும் கூடும். குறைந்தால் றேடியோ ஓய்ந்துவிடும். செய்தி முடியும்வரை ஒரே சீராக மிதிப்பது மிதிப்பவரின் பொறுப்பு.

நீங்களும் செய்து பார்க்கலாம். சைக்கிள் திருத்தும் கடையில் பழைய டைனமோ ஒன்று கேட்டு வாங்குங்கள். சிவப்பு எல்ஈடி ஒன்றையும் பச்சை எல்ஈடி ஒன்றையும் எதிரெதிர்த் திசையில் பக்கம் பக்கமாக இணைத்து, அவற்றோடு தொடராக 220 ஓம் தடையி ஒன்றைச் சேர்த்து, டைனமோவில் பொருத்துங்கள். சில்லைக் கையால் மெல்லச் சுழற்றினால் இரண்டும் மாறிமாறி மின்னும். ஆடலோட்டத்தைக் கண்ணால் காணும் வழி இது. வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்தில் இத்தகைய சோதனை எதையும் செய்யாதீர்கள். அது உயிரைப் பறிக்கும்.

அடுத்து டைனமோவைச் சைக்கிளில் மாட்டி, வயரைக் கழற்றிவிட்டு மிதியுங்கள். பிறகு மின்குமிழை இணைத்து மிதியுங்கள். மிதி சற்றுக் கனக்கும். சுருளில் ஓடும் மின்னோட்டம் தானும் ஒரு காந்தமாகி, சுழலும் காந்தத்தை எதிர்த்துத் தடுக்கிறது. இதுதான் லென்சின் விதி. அந்தத் தடையை மீறி உங்கள் கால் செய்யும் வேலைதான் மின்சாரமாக மாறுகிறது.

அந்த வேலை எவ்வளவு? வழக்கமான டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்று தரும். ஒரு 9 வாற்று எல்ஈடி குமிழுக்கு மூன்று டைனமோ வேண்டும். 1500 வாற்று மின்கேத்தல் ஒன்றுக்கு 500 வேண்டும். மின்கட்டணச் சீட்டில் ஓர் அலகு என்று வருவது 1000 வாற்று-மணி. ஒரு டைனமோவால் அதை உண்டாக்க 333 மணித்தியாலம் மிதிக்க வேண்டும்.

இன்று நமக்காக வேறொன்று மிதிக்கிறது. லக்சபானவில் விழும் நீர், சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடும் இயந்திரம், பளையில் காற்றாலையின் அலகுகள் எல்லாம் காந்தத்தைச் சுருளுக்கு அருகே சுழற்றுகின்றன. அளவு பெரிது, விதி பரடேயின் அதே விதி. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழலும்போது எங்கோ நீரோ எண்ணெயோ வீணாகச் செலவாகிறது. மின்சாரத்துக்குத் தன் காலால் விலை கொடுத்த தலைமுறை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அந்த டைனமோவை எப்படிப் பொருத்தினீர்கள், இருவாயி எங்கே கிடைத்தது என்று அம்மாவையோ மாமாவையோ கேளுங்கள். கேட்டதைக் கொப்பியில் வரைந்து வையுங்கள். குடாநாட்டின் அறிவியல் வரலாற்றில் எழுதப்படாத பக்கங்கள் அவை.

அடுத்த வாரம்: சுழற்றினால் மின்சாரம் வருகிறது; மின்சாரம் கொடுத்தால் சுழலுமா? கிணற்றடி மோட்டரைத் திறந்து பார்ப்போம்.