எல்லாமே சார்பானவையா?



“உண்மை என்பது அவரவர் பார்வையைப் பொறுத்தது, ஐன்ஸ்டீனே அப்படித்தானே சொன்னார்?” என்று சிலர் கேட்பதுண்டு. அவர் சொன்னது என்ன என்று இன்று சற்றுச் சிந்திப்போம்.

அண்டம் முழுவதற்கும் ஒரே சீராகக் காலம் ஓடுகிறது என்றார் நியூட்டன். 1905-ஆம் ஆண்டு ஐன்ஸ்டீன் அதை மாற்றினார். ஓடும் ரயிலின் முன்முனையிலும் பின்முனையிலும் மின்னல் தாக்குவதாக வைத்துக்கொள்வோம். தரையில் சரிநடுவே நிற்பவர், இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன என்பார். ரயிலின் நடுவில் இருப்பவரோ, முன்முனை மின்னலே முந்தியது என்பார். இருவர் கணக்கும் சரிதான். ஆகவே, அண்டத்துக்கெல்லாம் பொதுவான ‘இப்போது’ என்று ஒன்று இல்லை.

இதற்கு இயற்கையே சாட்சி. ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில், காஸ்மிக் கதிர்களால் மியூவான் என்னும் துகள்கள் தோன்றுகின்றன. அவற்றின் சராசரி ஆயுள், நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 2.2 பங்கு. அதற்குள் ஒளிகூட 660 மீட்டர்தான் செல்லும். ஆயினும் அவற்றில் பல தரையை வந்தடைகின்றன. நம் கணக்கில் அவற்றின் ஆயுள் நீண்டது. அவற்றின் கணக்கில் தூரம் சுருங்கியது. கணக்குகள் இரண்டு, ஆனால் தரையை வந்தடைந்தது என்ற நிகழ்ச்சி ஒன்றே. அதை யாரும் மறுக்க முடியாது.

மேலும், வெற்றிடத்தில் ஒளியின் வேகம் எல்லாருக்கும் ஒன்றே. வெளியையும் காலத்தையும் இணைத்து அளக்கும் ‘இடைவெளி’யும் எல்லாருக்கும் ஒன்றே என்று 1908-இல் மின்கோவ்ஸ்கி விளக்கினார். காரணத்தின் பின்னரே விளைவு வரும் என்ற வரிசையும் எவருக்கும் மாறுவதில்லை.

உலகம் காலத்திற்குள் படைக்கப்படவில்லை, உலகோடு காலமும் படைக்கப்பட்டது என்பது புனித அகுஸ்தினாரின் கருத்து. காலமும் ஒரு படைப்பே என்றால், என் கடிகாரத்தை அண்டத்தின் கடிகாரமாக நான் எண்ணலாமா?

இயற்பியல் நமக்கு அறநெறி வகுத்துத் தருவதில்லை. ஆனால், நம் சாக்குப்போக்குகளுக்கு அதைச் சாட்சிக்கு அழைப்பதும் நியாயமில்லை. குடும்பத்தில் ஒரு சண்டை என்றால், கணவர் சொல்வது ஒன்று, மனைவி சொல்வது வேறொன்று. இருவரையும் பொறுமையோடு கேட்க வேண்டும். அதற்காக, விழுந்த அடி விழவே இல்லை என்று ஆகிவிடாது. அடுத்தவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது பணிவு. நடந்ததை நடந்ததென்று ஒப்புக்கொள்வது உண்மை. இரண்டும் சேரும்போதுதான் ஒப்புரவு பிறக்கிறது.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.