பழைய கம்ப்யூட்டரில் கேம் திணறுகிறதா? கார்டு வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

"கேம் நின்று நின்று ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடுமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சில சமயம் சரியாகும். பல சமயம் ஆகாது. கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் கார்டு வாங்கினால், பணம் போன பின்பும் கேம் அதே மாதிரிதான் திணறும். எனவே செலவில்லாத சோதனைகளில் தொடங்கி, படிப்படியாக எப்படிக் காரணத்தைக் கண்டறிவது என்று இங்கே பார்க்கலாம். உதாரணத்திற்கு, நெய்வேலி டவுன்ஷிப்பில் என் சித்தப்பா வீட்டில் உள்ள கம்ப்யூட்டரை எடுத்துக் கொள்கிறேன்.

எந்தக் கம்ப்யூட்டர்? எந்த கேம்?

சித்தப்பா வாங்கியது, அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த பின், சரி செய்து விற்கப்படும் டெஸ்க்டாப். பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டராக வருவது இந்த வகைதான். 2013ல் வெளியான இன்டெல் கோர் ஐ5-4570 பிராசசர், 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் ஆகியவை இருந்தன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் எச்.டி. கிராபிக்ஸ் 4600 தான் திரையில் படத்தை வரைகிறது.

கல்லூரியில் படிக்கும் தம்பி ஆட விரும்பியது, 2015ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ. 5. (இது 18 வயதிற்கு மேற்பட்டவர்களுக்கான கேம். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் கவனம் தேவை.) "அண்ணா, கார்டு வாங்கித் தரச் சொல்லுங்க" என்பது தம்பியின் கோரிக்கை. "இப்பதானேப்பா பணம் போட்டு வாங்கினேன், மறுபடியும் செலவா?" என்பது சித்தப்பாவின் கவலை.

முதலில் கேமின் தேவையைப் பார்க்க வேண்டும். இந்த கேமிற்குக் குறைந்த பட்சம் 4 ஜிபி ராம் வேண்டும். 8 ஜிபி இருந்தால் நல்லது. பரிந்துரைக்கப்படும் பிராசசர் கோர் ஐ5-3470. சித்தப்பா வீட்டில் இருப்பது அதைவிடப் புதியது. எனவே பிராசசர் பாஸ். ராம் எல்லைக் கோட்டில் நிற்கிறது. கிராபிக்ஸ் சந்தேகத்திற்கு உரியது. 2025 மார்ச்சில் இந்த கேமின் என்ஹான்ஸ்ட் பதிப்பு வந்தது. அதற்குக் கூடுதல் திறன் தேவை. பழைய கம்ப்யூட்டர்களுக்கு லெகசி பதிப்புதான் ஏற்றது.

எப்.பி.எஸ். என்றால் என்ன?

திரையில் ஒரு நொடியில் எத்தனை படங்கள் வரைந்து காட்டப்படுகின்றன என்பதே எப்.பி.எஸ். எனப்படும் பிரேம் வேகம். சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். கேமில் நம் கை அசைவிற்கு ஏற்பப் படம் மாற வேண்டும் என்பதால் 30 ஆவது இருந்தால்தான் ஆட முடியும். 60 இருந்தால் வழுக்கிக் கொண்டு ஓடும்.

இதை அளப்பது எளிது. விண்டோஸ் 10ல் கேம் ஓடும் போது விண்டோஸ் கீயுடன் ஜி கீயை அழுத்துங்கள். கேம் பார் கிடைக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பெட்டியில் எப்.பி.எஸ். எண் காட்டப்படும். முதல் முறை அனுமதி கேட்டால், கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ரீ ஸ்டார்ட் செய்திடவும்.

சோதனை 1: நேரம் போகப் போகக் குறைகிறதா?

கேமைத் தொடங்கிய 5 நிமிடத்தில் ஓர் எண்ணையும், 20 நிமிடம் கழித்து அதே இடத்திற்கு வந்து இன்னோர் எண்ணையும் தாளில் குறித்துக் கொள்ளுங்கள். கிராபிக்ஸ் திறன் மட்டுமே போதவில்லை என்றால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தொடக்கத்தில் நன்றாக ஓடிப் பிறகு சரிந்தால், முதல் சந்தேகம் வெப்பம்.

சித்தப்பா வீட்டில் தொடக்கத்தில் 20 இருந்தது. பிறகு 10க்கு இறங்கியது. எச்.டபிள்யு. மானிட்டர் என்ற இலவச புரோகிராமை இயக்கிப் பார்த்தேன். பிராசசரின் வெப்பம் 98 டிகிரி! இந்த பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக் கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். கிராபிக்ஸும் அதே சில்லுக்குள் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே மந்தமாகும். சித்தப்பா அனல் மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர். "கூலிங் சரியில்லேன்னா நாங்களும் லோடைக் குறைப்போமே, அது மாதிரியா?" என்றார். அதே மாதிரிதான்.

நெய்வேலி, திறந்தவெளி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல் மின் நிலையங்களும் உள்ள ஊர். தூசிக்குப் பஞ்சமில்லை. கோடை வெயிலும் கடுமை. போதாக்குறைக்கு, மூன்று பக்கமும் மூடிய கம்ப்யூட்டர் டேபிளின் அடித்தட்டில் கேபினட் இருந்தது. மேலே பூப்போட்ட துணி உறை வேறு! தூசி படியக் கூடாது என்று போட்ட உறை, சூடான காற்று வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. உறை போடலாம், கம்ப்யூட்டரை நிறுத்திச் சூடு ஆறிய பிறகுதான் போட வேண்டும்.

சுத்தம் செய்வது எப்படி?

1. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, மின் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மீதமுள்ள மின்சாரம் வெளியேறும்.

2. கேபினட்டைப் பால்கனிக்கோ வாசலுக்கோ எடுத்துச் சென்று, பக்கத்துத் தகட்டைக் கழற்றவும்.

3. பிராசசர் மேல் உள்ள விசிறியை விரலால் சுழலாமல் பிடித்துக் கொண்டு, ஹீட் சிங்க் இடுக்குகளில் புளோயர் கொண்டு ஊதவும். ஒட்டிய தூசியை மென்மையான, உலர்ந்த பிரஷ் கொண்டு நீக்கலாம். ஈரத் துணி கூடாது.

4. பவர் சப்ளை பெட்டியை வெளியிலிருந்து மட்டும் ஊதவும். அதை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

5. இதற்குப் பிறகும் வெப்பம் குறையாவிட்டால், ஹீட் சிங்க்கிற்கு அடியில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வது நல்லது.

உறையை எடுத்து, கேபினட்டை டேபிளுக்கு வெளியே வைத்து, தூசியை ஊதிய பின் வெப்பம் 75 டிகிரி அளவில் நின்றது. 20 நிமிடம் கழித்தும் எப்.பி.எஸ். 20ல் இருந்து இறங்கவில்லை. பைசா செலவில்லை.

சோதனை 2: ரெசல்யூசனைக் குறைத்துப் பாருங்கள்

1920 x 1080 என்றால் ஒவ்வொரு படத்திற்கும் 20,73,600 புள்ளிகள். 1280 x 720 என்றால் 9,21,600 தான். பாதிக்கும் குறைவு. கேமின் கிராபிக்ஸ் செட்டிங்ஸ் சென்று இப்படிக் குறைத்ததும் எப்.பி.எஸ். நன்றாக உயர்ந்தால், கிராபிக்ஸ்தான் தடை. உயரவே இல்லை என்றால் பிராசசர்தான் தடை. அப்போது கார்டு வாங்கினாலும் பெரிய பயன் இருக்காது. இங்கே 20லிருந்து 31 ஆனது. நிழல், புல், பிரதிபலிப்பு ஆகியவற்றையும் குறைந்த நிலையில் வையுங்கள்.

சோதனை 3: ராம் எத்தனை?

தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில், கிராபிக்ஸும் ராமையே பங்கு போட்டுக் கொள்கிறது. டிடிஆர்3-1600 ராம் ஒன்று மட்டும் இருந்தால், நொடிக்கு அதிக பட்சம் 12.8 ஜிபி தகவல் செல்லும். ஒரே மாதிரியான இரண்டைச் சரியான ஸ்லாட்டுகளில் பொருத்தினால் 25.6 ஜிபி. இதற்கு டூயல் சேனல் என்று பெயர். சி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராமில் மெமரி டேப் சென்றால், டூயலா சிங்கிளா என்று தெரிந்துவிடும். வாங்கும் முன் டிடிஆர்3 தானா என்று உறுதி செய்து கொள்ளுங்கள். டிடிஆர்4 ராம் இந்த ஸ்லாட்டில் பொருந்தாது. சித்தப்பா வாங்கியது இன்னொரு 4 ஜிபி ராம் மட்டுமே. எப்.பி.எஸ். 37க்கு வந்தது.

ஹார்ட் டிஸ்க்கிற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும். ஓடும் போது இடையிடையே ஏற்படும் திக்கலும் குறையலாம். ஆனால் சராசரி எப்.பி.எஸ். பெரிதாக உயராது.

கார்டுதான் வேண்டும் என்றால்...

அலுவலக டெஸ்க்டாப்புகளில் பவர் சப்ளை சிறியது. கார்டுக்கெனத் தனி மின் இணைப்பு இல்லாமலும் இருக்கலாம். அப்போது மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் இயங்கும் கார்டையே தேட வேண்டும். ஒல்லியான கேபினட் என்றால் லோ புரொபைல் கார்டுதான் உள்ளே நுழையும்.

பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஜி.டி. 1030 கார்டு 2017ல் ஜிடிடிஆர்5 மெமரியுடன் வந்தது. 2018ல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியுடன் இன்னொன்று வந்தது. முதலாவதில் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 16.8 ஜிபி மட்டுமே. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பொருத்திய பின் மானிட்டர் கேபிளைக் கார்டில் உள்ள துளையில் செருகவும். மதர்போர்டிலேயே விட்டுவிட்டால் புதுக் கார்டு சும்மாதான் இருக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்ட்டின் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. இந்த நான்காம் தலைமுறை பிராசசர்கள் விண்டோஸ் 11க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. ஆகவே இத்தகைய கம்ப்யூட்டரில் விலை உயர்ந்த கார்டைப் போடுவதை விட, அந்தப் பணத்தை அடுத்த கம்ப்யூட்டருக்குச் சேர்ப்பது மேல்.

நெய்வேலி போன்ற தூசி மிகுந்த ஊர்களில் இருப்பவர்கள், கோடை தொடங்கும் முன் ஒரு முறையும் மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறையும் கேபினட்டைத் திறந்து ஊதிச் சுத்தம் செய்திடுங்கள். குறித்து வைத்த எப்.பி.எஸ். தாளைக் கேபினட்டிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை கேம் திணறினால், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.